சார்பும் செயற்கூறும்: ஒரு கிழங்கு ரசீது காட்டிய எல்லைக்கோடு

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த நிரல், ஒரே லோடு கிழங்குக்கு ஒரே நாளில் இரண்டு விலை சொன்னது. காலை பத்து மணிக்கு அச்சிட்ட ரசீது மழையில் நனைந்துபோனதால் விவசாயி இன்னொன்று கேட்டிருக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கு எடைமேடை ஆபரேட்டர் மறு அச்சுப் பொத்தானை அழுத்தினார். வந்த ரசீதில் தொகை குறைந்திருந்தது. இடையில், மதியம், ஆலைக்காரர் பாயிண்ட் விலையை (கிழங்கின் மாவுச்சத்து அளவுக்குத் தரும் விலையை) இறக்கியிருந்தார். "தம்பி, காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கா?" என்று அந்தப் பெரியவர் என்னைத் தொலைபேசியில் கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிழையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. நிரலில் 'லோடு' என்று ஒரு கிளாஸ், அதாவது தரவையும் வேலையையும் சேர்த்து அடைக்கும் ஒரு கூடு. (பிளஸ் டூ புத்தகம் இதை இனக்குழு என்கிறது, அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவர் விழிப்பார்.) வண்டி எண், விவசாயியின் பெயர், எடைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. 'உன் தொகை என்ன?' என்று கேட்டால், அது அமைப்புக் கோப்பில் அன்றைய பாயிண்ட் விலையை எட்டிப் பார்த்துப் பெருக்கிச் சொல்லும். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எட்டிப் பார்க்கும். காலையில் எட்டிப் பார்த்தபோது ஒரு விலை, மதியத்துக்குப் பின் வேறு விலை. பொருள்நோக்கு நிரலாக்கப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய வடிவம்தான் அது. தரவும் அதன் மேல் செய்யும் வேலையும் ஒரே கூட்டுக்குள் அடங்கியிருந்தன. ஆனால் விவசாயியின் பணம் அந்தக் கூட்டிலிருந்து ஒழுகிவிட்டது.

சேலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்போம். இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்ற சமயத்தில் இப்பகுதியில் வேர்விட்ட தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆலைகள் கிழங்கை வெறும் எடைக்கு வாங்குவதில்லை. மாதிரி எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, பாயிண்ட் கணக்கில் விலை போடுவார்கள். வண்டி பாரத்தோடு எடைமேடையில் ஏறும், கிழங்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிழங்கின் எடை. அதில் ஒட்டிய மண்ணுக்கு ஒரு கழிவு. மிச்சத்தைப் பாயிண்டாலும் பாயிண்ட் விலையாலும் பெருக்கினால் தொகை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதில்தான் சறுக்கினேன்.

ஆங்கிலத்தில் 'ஃபங்ஷன்' என்று ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் இரண்டாக்கி வைத்திருக்கின்றன. கணிதப் புத்தகத்தில் அது சார்பு. கணினி அறிவியல் புத்தகத்தில் அதுவே செயற்கூறு. திட்டமிட்டுப் பிரித்ததாகத் தெரியவில்லை. கணிதக்காரர்களும் கணினிக்காரர்களும் தனித்தனி அறையில் உட்கார்ந்து மொழிபெயர்த்ததால் நேர்ந்த விபத்து என்றே நினைக்கிறேன். ஆனால் அருமையான விபத்து. சைன் 30 பாகை என்பது காலையிலும் அரைதான், மதியத்திலும் அரைதான். உள்ளே போவதை மட்டுமே சார்ந்து வெளியே வருவது அமையும். அதனால்தான் அது சார்பு. செயற்கூறு அப்படியல்ல. அது பெயருக்கேற்பச் செயல் செய்யும்: காகிதத்தில் அச்சிடும், தரவுத்தளத்தில் எழுதும், குறுஞ்செய்தி அனுப்பும், கடிகாரத்தைப் பார்க்கும். சார்பாக இருந்திருக்க வேண்டிய ஒன்றைச் செயற்கூறாக எழுதியதுதான் என் தவறு.

திருத்தி எழுதிய கணக்கின் சாரத்தை, 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியின் நடையில் இப்படிக் காட்டலாம்:

நிரல்பாகம் கிரயம்(பாரம், வெறுமை, மண், பாயிண்ட், விலை)
  நிகரம் = பாரம் - வெறுமை
  ஏற்பு = நிகரம் - நிகரம் * மண் / 100
  பின்கொடு ஏற்பு * பாயிண்ட் * விலை / 1000
முடி

பாரத்தோடு 12,600 கிலோ, வெறும் வண்டி 4,100 கிலோ, மண் கழிவு 2 சதவீதம், 26 பாயிண்ட், டன்னுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிகரம் 8,500, ஏற்பு 8,330, தொகை 64,974 ரூபாய். விலையை இது எங்கேயும் போய் எட்டிப் பார்ப்பதில்லை. கையில் கொடுத்தால்தான் உண்டு. எனவே காலையில் கொடுத்த 300-ஐ ரசீதோடு சேர்த்துப் பதிந்து வைத்தே தீர வேண்டிய கட்டாயம் தானாக வந்துவிடுகிறது. மறு அச்சு எத்தனை முறை எடுத்தாலும் 64,974-தான்.

கலப்பில் பிறந்தவை

நிரலை எழுதும் பாங்குகளைப் பாரடைம் என்பார்கள். இங்கே நெறி என்று வைத்துக்கொள்கிறேன். 'இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று வரிசையாகக் கட்டளையிடுவது ஒரு நெறி. தரவையும் வேலையையும் பொருள்களாகக் கட்டி, அவற்றைத் தமக்குள் பேசவிடுவது இன்னொன்று. எல்லாவற்றையும் சார்புகளின் தொடுப்பாகப் பார்ப்பது மூன்றாவது. எப்படிச் செய்வது என்று சொல்லாமல் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வது நான்காவது. வேறு சிலவும் உண்டு.

பாரடைம் என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர் அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன், 1962-இல். அவர் சொல்லும் வரலாற்றில் புதிய நெறி வந்தால் பழையது இடத்தைக் காலி செய்துவிடும். அந்தச் சொல்லை நிரலாக்கத்துக்கு எடுத்துவந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிளாய்ட். கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதுக்கு 1978-இல் அவர் ஆற்றிய ஏற்புரையின் பொருளே அதுதான். அவர் கூனோடு ஒரு இடத்தில் பிரிந்தார். நிரலர் ஒரு நெறியை விட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டியதில்லை, கைவசம் இருக்கும் நெறிகளைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது அவர் கட்சி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 'பொருள்நோக்கு செத்துவிட்டது', 'இனி எல்லாம் சார்புதான்' என்று முழங்குகிறவர்களைப் பார்க்கும்போது, ஃபிளாய்டை யாரும் படிக்கவில்லையோ என்று தோன்றும்.

சொல்லப்போனால் எந்த நெறியும் தனியாகப் பிறக்கவில்லை. பொருள்நோக்கின் முதல் மொழி என்று கருதப்படும் சிமுலா 67, நார்வேயில் கிறிஸ்டன் நிகார்டும் ஓலே-யோஹான் டாலும் அல்கால் 60 என்ற கட்டளை மொழியின் மேல் கட்டியது. பெல் ஆய்வகத்தில் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-இல் சிமுலாவின் கிளாஸை சி மொழிக்குள் கொண்டுவரத் தொடங்கியதன் விளைவு சி++. ஜான் மெக்கார்த்தி 1958-இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப்பில் சார்பும் உண்டு, மாறியின் மதிப்பை மாற்றும் கட்டளையும் உண்டு. தூய சார்பு மொழி என்று பெயரெடுத்த ஹாஸ்கெல்கூட வெளியுலகத்தோடு பேச மோனாட் என்று தனி வாசல் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பைத்தான், ஜாவா, ரஸ்ட், ஸ்காலா என்று இன்று சேலத்துக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் மொழிகளும் சொல்லிக்கொடுக்காத மொழிகளும் எல்லாமே பலநெறி மொழிகள்தாம். ஆகவே கலக்கலாமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

தட்டுவடையும் சட்னியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாயங்காலம் தள்ளுவண்டி முன் நின்றிருப்பவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தட்டுவடை செட் என்பது இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், இரண்டு வகைச் சட்னி. நல்ல கடைக்காரர் எதையும் முன்கூட்டித் தடவி அடுக்கி வைக்க மாட்டார். தட்டுவடை டப்பாவில் மொறுமொறுவென்று இருக்கும், சட்னி பாத்திரத்தில் இருக்கும்; நீங்கள் காசை நீட்டிய பிறகுதான் இரண்டும் சந்திக்கும். முன்னாலேயே தடவினால் நமத்துப்போகும்.

சார்பு தட்டுவடை என்றால் செயற்கூறு சட்னி. வெளியுலக ஈரம், அதாவது கடிகாரம், கோப்பு, அச்சுப்பொறி, வலை ஆகியவற்றில் ஒன்று பட்டாலும் சார்பு நமத்துவிடும். அதை அழைக்கும் அடுத்த சார்பும் நமக்கும். ஒரு மூலையில் பட்ட ஈரம் மொத்த நிரலுக்கும் ஏறிவிடும். அதனால் கணக்கும் முடிவும் மையத்தில் ஈரமில்லாமல் இருக்கட்டும், ஈர வேலைகள் எல்லாம் ஓரத்து ஓட்டில் நடக்கட்டும் என்று வகுப்பது ஒரு வடிவமைப்பு முறை, அதாவது அடிக்கடி வரும் சிக்கலுக்குப் பெயர் சூட்டி வைத்த ஒரு தீர்வு. 'சார்பு மையம், கட்டளை ஓடு' என்ற பொருளில் இதற்கு 2012-இல் பெயர் சூட்டியவர் கேரி பெர்ன்ஹார்ட். பல நெறிகளைச் சேர்க்கும் வடிவங்களில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன்.

என் நிரலில் இது எப்படி அமைந்தது? ஓடு முதலில் தேவையானதை எல்லாம் சேகரிக்கிறது: எடைமேடையிலிருந்து எடை, தரவுத்தளத்திலிருந்து அந்த நேரத்து விலை, விவசாயி வாங்கியிருக்கும் முன்பணம். எல்லாவற்றையும் வெறும் மதிப்புகளாக மையத்திடம் தருகிறது. மையம் யோசித்து ஒரு முடிவை, அதுவும் வெறும் மதிப்பாகத் திருப்பித் தருகிறது: தொகை இவ்வளவு, முன்பணத்தில் பிடித்தம் இவ்வளவு, ரசீதில் வரவேண்டிய வரிகள் இவை, அனுப்ப வேண்டிய செய்தி இது. மையம் எதையும் தானே அனுப்புவதில்லை. 'அனுப்பு' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஓடு அதை நிறைவேற்றுகிறது. சோதனை எழுதுவது விளையாட்டாகிவிட்டது. எடைமேடையும் வேண்டாம், அச்சுப்பொறியும் வேண்டாம். எண்ணைக் கொடுத்து எண்ணைப் பார்த்தால் போதும்.

இதற்கு அண்ணன் முறையில் ஒரு வடிவம் உண்டு. நிரலின் நடுவே வியாபார விதிகள், சுற்றிலும் துறைமுகங்கள், ஒவ்வொரு துறைமுகத்திலும் வெளிக்கருவிக்கு ஏற்ற ஒரு பொருத்தி. அறுகோணக் கட்டமைப்பு என்று பெயர். 2005-இல் இதை விவரித்து எழுதியவர் அலிஸ்டர் காக்பர்ன். காக்பர்ன் என்ற பெயர் சேலத்துக்காரர்களுக்குப் பழக்கமானது. 1820களில் இங்கே கலெக்டராக இருந்து, ஏற்காட்டு மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டவர் பெயரும் அதுதான். பெயர் ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த அறுகோணம் அந்நியமாகத் தெரியாது. மேலே சில்வர் ஓக் நிழல் தரும், அதன் உடம்பைப் பற்றி மிளகுக்கொடி ஏறும், கீழே காப்பி. மிளகுக்குக் கொழுகொம்பு வேண்டும், காப்பிக்கு நிழல் வேண்டும். மரம் எந்த இனம் என்பது இரண்டுக்கும் பொருட்டல்ல. துறைமுகம் என்பதும் அப்படித்தான். 'எடை தரக்கூடிய ஏதோ ஒன்று' என்று மட்டும் மையம் கேட்கும். இங்கே பொருள்நோக்கின் இடைமுகம் ('இன்ன வேலை செய்து தருவேன்' என்ற வாக்குறுதி மட்டும்) மிகச் சரியான கருவி. சார்பு நெறிக்காரர்கள் இதையும் சார்பாலேயே செய்து காட்டுவார்கள். செய்யலாம், ஆனால் எட்டு வேலைகளைச் சேர்த்து ஒரு பெயரில் கட்டுவதற்குப் பொருள் என்ற கட்டு வசதியாகத்தான் இருக்கிறது.

இருபத்து மூன்றில் பதினாறு

வடிவமைப்பு முறைகள் என்ற பேச்சு நிரலர்களிடம் பரவியது 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் நால்வரும் 23 முறைகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகு. இரண்டே ஆண்டுகளில், 1996-இல், பீட்டர் நார்விக் ஓர் உரையில் அவற்றை மறுபடி அலசினார். லிஸ்ப், டிலன் போன்ற இயங்குநிலை மொழிகளில் (வகைகளை நிரல் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் மொழிகளில்) 23-இல் 16 முறைகள் மிக எளிதாகிவிடுகின்றன, சில கண்ணுக்கே தெரியாமல் கரைந்துவிடுகின்றன என்று காட்டினார். பலர் இதை 'வடிவமைப்பு முறைகள் வெறும் ஏமாற்று' என்று திரித்துக்கொண்டார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். ஒரு நெறியில் நாலு கிளாஸ் கட்டிச் சாதிக்க வேண்டியது, பக்கத்து நெறியில் ஒரு சொல்லாக இருக்கலாம்.

ஒரே வேலைக்குப் பல வழிகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் ஸ்ட்ராட்டஜி என்ற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். மண் கழிவைக் கணக்கிட ஆலைக்கு ஆலை ஒரு வழி: ஒருவர் நிலையான சதவீதம் வைத்திருப்பார், ஒருவர் மழைக்காலத்துக்குத் தனிச் சதவீதம், ஒருவர் கண்ணால் பார்த்து முடிவு செய்வார். பழைய ஜாவாவில் இதற்கு ஓர் இடைமுகமும், ஆளுக்கொரு கிளாஸும், அதற்கொரு கோப்பும் வேண்டும். 2014-இல் ஜாவா 8 லாம்டாவை (பெயரில்லாச் சார்பை) கொண்டுவந்த பிறகு ஒரு சார்பைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆயினும் கழிவுக்கு நினைவு தேவைப்பட்டால், எடுத்துக்காட்டாக, அந்த விவசாயியின் முந்தைய லோடுகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றால், பழையபடி பொருளுக்குத் திரும்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பீட்டர் வான் ராயும் சேஃப் ஹரிதியும் 2004-இல் வெளியிட்ட பாடநூலில் இதற்கு ஒரு கறாரான அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: காரியத்துக்குப் போதுமான மிகக் குறைந்த சக்தியுள்ள கருவியை எடு. மாறாத மதிப்பு போதுமென்றால் மாறும் நிலையைத் தொடாதே. ஒற்றை ஓட்டம் போதுமென்றால் இணை ஓட்டத்தைக் கொண்டுவராதே. வீட்டில் தேங்காய் உடைக்க அரிவாள் போதும்.

கண்ணெதிரே இருக்கும் நான்காம் நெறி

நிரலர்களைக் கேட்டால் 'நான் ஜாவா மட்டும்தான் எழுதுகிறேன்' என்பார்கள். ஆனால் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லைத் தினமும் எழுதுவார்கள். எட்கர் காட் 1970-இல் ஐபிஎம்மில் இருந்துகொண்டு முன்வைத்த, தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியின் பிள்ளை அது. என்ன வேண்டும் என்று மட்டும் சொல்வோம். எப்படி எடுப்பது என்பது தரவுத்தளத்தின் பாடு. உலகில் மிக அதிகமாக நடக்கும் நெறிக் கலப்பு இதுதான். மிக அதிகமாகச் சொதப்பும் கலப்பும் இதுதான்.

நான் செய்த சொதப்பலையே சொல்கிறேன். நாள் முடிவில் ஒரு பட்டியல்: 200 லோடுகள், ஒவ்வொன்றுக்கும் விவசாயியின் நிலுவை. லோடுகளை எடுக்க ஒரு வினவல், அதாவது தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி. பிறகு பொருள்நோக்குப் பழக்கத்தில், ஒவ்வொரு லோடையும் சுற்றி வந்து 'உன் விவசாயி யார்? அவர் நிலுவை என்ன?' என்று கேட்டேன். நிரலில் பார்க்க அழகான இரண்டு வரி. உள்ளே 201 வினவல்கள் ஓடின. கூட்டமாகச் சிந்திக்கத் தெரிந்த தரவுத்தளத்திடம் ஒவ்வொருவராக வரிசையில் நின்று கேட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு இணைப்பு வினவலாக மாற்றியதும் பட்டியல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. எல்லைக்கோட்டை லோடு பொருளுக்குள் மறைத்து வைத்திருந்ததே காரணம். எல்லை தெரிந்திருந்தால் அதைத் தாண்டுவதற்கு ஆகும் செலவும் தெரிந்திருக்கும். 2007-இல் சி ஷார்ப் மொழிக்கு வந்த லிங்க் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டியது. வினவலை மொழிக்குள்ளேயே எழுதலாம். ஆனால் அது உடனே ஓடாது, தரவாக ஒரு மரமாக நின்று, தரவுத்தளத்துக்கு ஏற்ற வினவலாக மொத்தமாக மாற்றப்பட்டுப் போகும்.

விதிகளைப் பட்டியலாக எழுதி வைப்பதும் இந்த நெறியைச் சேர்ந்ததே. 'ஈரமாவுக்கு மண் கழிவு கிடையாது', 'பாயிண்ட் இன்ன அளவுக்குக் கீழே போனால் ஆலைக்காரரைக் கேட்காமல் ஏற்காதே' போன்றவை நிரலுக்குள் கிளைகளாக ஒளிந்திராமல் ஒரு அட்டவணையில் இருந்தால் ஆலைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். அட்டவணையில் 'ஆனால்', 'தவிர' என்று நிபந்தனைகள் மூன்று நிலைக்கு மேல் அடுக்கத் தொடங்கிவிட்டால், பிழைதிருத்தியும் இல்லாத ஒரு புது நிரல்மொழியைத் தெரியாமல் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போது நிறுத்திவிட்டு அதை நேராக நிரலில் எழுதுவது மேல்.

வகையா, வேலையா?

ஆலைக்குள் கிழங்கு வரும். வெளியே ஜவ்வரிசியும் மாவும் போகும். மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கையான திப்பியும் போகும், மாட்டுத் தீவனத்துக்கு அதற்குத் தனிச் சந்தை. ஒரு தாளில் கட்டம் போட்டு, மேலிருந்து கீழாகக் கிழங்கு, ஜவ்வரிசி, மாவு, திப்பி என்று வகைகளையும், இடமிருந்து வலமாகத் தொகை கணக்கிடல், ரசீது அச்சிடல், மாத அறிக்கை என்று வேலைகளையும் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு நிரல் வேண்டும். பொருள்நோக்கு இந்தத் தாளை வரிசை வரிசையாகக் கிழித்து வைத்துக்கொள்கிறது: திப்பி என்ற கிளாஸுக்குள் திப்பியின் எல்லா வேலையும். சார்பு நெறி நெடுக்காகக் கிழிக்கிறது: 'ரசீது' என்ற ஒரு சார்புக்குள் எல்லா வகையும். புதிய வகை சேர்த்தால் முதலாமவருக்குக் கொண்டாட்டம், இரண்டாமவர் ஒவ்வொரு சார்பையும் திறக்க வேண்டும். புதிய வேலை சேர்த்தால் நேர்மாறு. இரண்டு பக்கமும் வலியில்லாமல் விரிக்க முடியுமா என்ற கேள்விக்கு 1998-இல் ஃபிலிப் வாட்லர் 'வெளிப்பாட்டுச் சிக்கல்' என்று பெயர் வைத்தார். பழைய 23-இல் உள்ள விசிட்டர் முறை, பொருள்நோக்கு வீட்டில் இருந்துகொண்டே தாளை நெடுக்காகக் கிழிக்கும் முயற்சிதான். அதைப் பார்த்தாலே பலருக்குத் தலைசுற்றும் காரணமும் அதுவே.

இந்த ஆலைத் தொழிலில் வகைகள் பல ஆண்டுகளாக ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. வேலைகளோ மாதம் ஒன்று முளைக்கும்: ஒரு புது வரி அறிக்கை, ஒரு புது வாட்ஸ்அப் செய்தி. ஆகவே வகைகளை மூடிய பட்டியலாக வைத்து நெடுக்காகக் கிழிப்பது எனக்கு லாபம். ரஸ்ட்டில் இது பிறவிக் குணம். ஜாவாவிலும் 2021-இல் வந்த ஜாவா 17-இன் மூடிய கிளாஸும் 2023-இன் ஜாவா 21-இல் நிலைபெற்ற, வகையைப் பார்த்துக் கிளை பிரிக்கும் வடிவப் பொருத்தமும் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கிவிட்டன. ஒரு வகையை மறந்துவிட்டால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் நிரல்பெயர்ப்பியே சண்டைக்கு வரும். எடைமேடைக் கருவிகளில் கதை தலைகீழ். கேட்பது எப்போதும் 'எடை என்ன?' என்ற ஒரே வேலை. கருவி தயாரிப்பாளர்கள்தான் பெருகிக்கொண்டே இருப்பார்கள். அங்கே இடைமுகமும் கிளாஸும்தான். ஒரே நிரலுக்குள், இருபது வரி தூரத்தில், இரண்டு எதிர் முடிவுகள். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

ஆடும் எண்

எடைமேடையைத் தொட்டவர்களுக்குத்தான் தெரியும், எடை என்பது ஒரு எண் அல்ல. வண்டி ஏறியதும் காட்டி ஒரு நொடிக்குப் பல முறை எண்களைக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். 12,540, 12,660, 12,580 என்று ஆடி, மெல்ல அடங்கும். இது எண்களின் ஓடை. 'கடைசியாக வந்தவை எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் அதுவே எடை' என்று ஓடையின் மேல் ஒரு சார்பு எழுதிவிட்டால் ஆபரேட்டரின் கட்டைவிரல் அவசரத்தை நம்ப வேண்டியதில்லை.

ஆனால் வண்டியின் பயணத்தை ஓடையாக எழுத முயன்றது என் அசட்டுத்தனம். வாசலில் நிற்கிறது, பார எடை ஆயிற்று, இறக்கம் நடக்கிறது, வெற்றெடை ஆயிற்று, ரசீது கொடுத்தாயிற்று என்று வண்டிக்கு நிலை உண்டு. நிலை உள்ளதை நிலையாகவே எழுதுவது நேர்மை. முதலில் ஒரே லோடு கிளாஸில் வெற்றெடை இருக்கும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். டோனி ஹோர் 1965-இல் தாம் கொண்டுவந்த இந்த வெற்றுக் குறிப்பைத்தான் 2009-இல் தம் நூறு கோடி டாலர் தவறு என்று ஒப்புக்கொண்டார். அதில் என் பங்கும் சில ரூபாய் இருக்கும். இப்போது 'பாதி எடை லோடு', 'முழு எடை லோடு' இரண்டும் தனித்தனி வகைகள். முதலாவதிடம் தொகை கேட்கவே வழியில்லை. அந்தக் கேள்வியை நிரலில் எழுதினால் நிரல்பெயர்ப்பி ஏற்காது. நிலை மாற்றம் பொருளின் வேலை, ஒவ்வொரு நிலையிலும் இருக்கும் தரவு மாறாத மதிப்பு. இரண்டு நெறிகள் ஒரே வண்டியில் ஏறுகின்றன. ஒன்று ஓட்டுகிறது, மற்றது சரக்காக இருக்கிறது.

கலப்பில் கால் இடறும் இடங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சந்துகளில்தான். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒரு சார்பைப் போடுவது மேப். பைத்தான் 2-இல் அது உடனே ஒரு பட்டியலைத் தரும். 2008-இல் வந்த பைத்தான் 3-இல் அது சோம்பேறியாகிவிட்டது. யாராவது கேட்டால்தான் கணக்கிடும், ஒரு முறைதான் கொடுக்கும். மேப்புக்குள் ஒரு 'அச்சிடு' வைத்திருந்தால், விளைவை யாரும் கேட்காதபோது அச்சே வராது. அதே விளைவை இரண்டாம் முறை கூட்டினால் விடை பூச்சியம். சார்பு நெறியின் சோம்பலும் கட்டளை நெறியின் செயலும் ஒரே வரியில் குடியிருந்தால் எந்தச் செயல் எப்போது நடக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. மாறாத மதிப்பு என்று பெயர் வைத்துவிட்டு அதற்குள் மாறக்கூடிய ஒரு பட்டியலை வைப்பதும் இதே ரகம். டப்பா இறுக மூடித்தான் இருக்கிறது, சட்னி உள்ளே இருக்கிறது.

சென்ற பருவத்தில் ஆலைக்காரர் ஒரு சின்ன மாற்றம் கேட்டார். பைசா வேண்டாம், முழு ரூபாயாக்கிவிடுங்கள் என்றார். முழு எண்ணாக்குவதை எங்கே வைப்பது? ரசீதில் எண் எப்படித் தெரிய வேண்டும் என்ற அலங்கார விஷயம், எனவே ஓட்டில் வைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அச்சுப்பொறிப் பகுதியில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. பிறகு பேரேட்டைப் பார்த்தேன். அங்கே பைசா அப்படியே இருக்கும். ரசீது ஒன்று சொல்லும், பேரேடு ஒன்று சொல்லும். பருவம் முடிந்து நிலுவை பார்க்கும்போது மறுபடி அந்தப் பெரியவரிடமிருந்து தொலைபேசி வரும். மேலும் எந்த முனையில் முழுமையாக்குவது என்பதே பேரம்: ஏற்பு எடையிலா, மொத்தத் தொகையிலா, முன்பணம் பிடித்த பின்பா? ஒவ்வொன்றும் வேறு ரூபாய் தரும். அது அலங்காரம் அல்ல, ஒப்பந்தம். ஆலைக்காரரோடும் நாலு விவசாயிகளோடும் உட்கார்ந்து பேசி, மொத்தத் தொகையில், முன்பணத்துக்கு முன்பு, அரை ரூபாயும் அதற்கு மேலும் இருந்தால் விவசாயி பக்கம் ஏற்றி என்று முடிவானது. ஐந்து வரிச் சார்பில் நான்காம் வரி மட்டும் கொஞ்சம் நீண்டிருக்கிறது.